காருக்கு இடமுண்டு, குழந்தைக்கு?

அமெரிக்க நகரசபைகள் ஊர் நிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து, இது குடியிருப்புக்கு, இது கடைகளுக்கு, இது ஆபீஸுகளுக்கு என்று கோடு கிழித்து வைத்திருக்கின்றன. ஆபீஸ் வட்டாரத்தில் எழும் ஒரு கட்டிடத்திலே குழந்தைகள் காப்பகம் நடத்துவது பல ஊர்களில் இயல்பான உரிமையல்ல. விசேஷ அனுமதிக்கு மனுப் போட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்துச் சொத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். திட்டக் கமிஷன் முன் பகிரங்க விசாரணை நடக்கும். அதே கட்டிடத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் திறப்பதற்கு இத்தனை கெடுபிடி இல்லை.

விசாரணையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பக்கத்து நெடுஞ்சாலையின் புகை விளையாடும் இடத்துக்கு வருமா? தீப்பிடித்தால், நடக்கத் தெரியாத சிசுக்களை எத்தனை பேர், எந்தப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்குவது? இந்தக் கேள்விகளைக் கேட்காத நகரசபை கடமை தவறியதாகும்.

ஆனால் இவற்றோடு வேறு சில ஆட்சேபணைகளும் புறப்படுகின்றன. காலையில் வண்டிகள் பெருகுமாம்! குழந்தைகள் சத்தம் போடுமாம்! கார் நிறுத்தும் இடம் குறைந்துவிடுமாம்!

வண்டிகள் எப்படிப் பெருகும்? அந்த ஆபீஸில் வேலை செய்கிற தாய் எப்படியும் அங்கே வரத்தான் போகிறாள். குழந்தையையும் அதே காரில் அழைத்து வருகிறாள். காப்பகம் மறுக்கப்பட்டால்தான் அவள் ஊரின் இன்னொரு மூலைக்குச் சென்று பிள்ளையை விட்டுவிட்டு, மறுபடியும் இங்கே ஓடிவர வேண்டியிருக்கிறது. மாலையில் வேலை நீண்டுவிட்டால் அங்கே தாமதத்துக்குத் தனிக் கட்டணம். இதுவும் கட்டுப்படியாகாதவள் வேலையை விட்டு நிற்கிறாள். அந்தக் கணக்கு எந்த போக்குவரத்து அறிக்கையிலும் ஏறுவதில்லை.

கார் விஷயத்துக்கு வருவோம். கலிபோர்னியா மாநில விதிப்படி காப்பகத்தில் குழந்தை ஒன்றுக்கு உள்ளே 35 சதுர அடி, வெளியே விளையாட 75 சதுர அடி வேண்டும். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சுமார் 300 சதுர அடி தேவை. அதாவது 40 குழந்தைகள் விளையாடும் நிலம் 10 கார்கள் நிற்கும் நிலம்தான். இந்தப் பத்துக் கார்களுக்காகவா இத்தனை வாதம்?

இடம் கொடுக்க வேண்டுமென்று நினைத்தபோது அந்நாட்டில் இடம் கிடைக்காமல் போகவில்லை. யுத்த காலத்தில், 1943-ல், போர்ட்லண்ட் நகரிலே கெய்ஸர் கப்பல் கட்டும் தளங்களின் வாசலிலேயே இரண்டு பெரிய காப்பகங்கள் எழுந்தன. இரவு ஷிப்டுத் தாய்மாரின் பிள்ளைகளும் அங்கே இருந்தனர். வேலை முடிந்து செல்லும் தாய் சமைத்த உணவையும் வாங்கிச் செல்லலாம். கப்பல் தேவையாயிருந்தது, ஆகவே தாயின் உழைப்பும் தேவையாயிருந்தது. 1945-ல் யுத்தம் முடிந்தது, காப்பகங்களும் மூடப்பட்டன. நாடு முழுவதற்கும் குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு செய்ய அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை 1971-ல் ஜனாதிபதி நிக்ஸன் ரத்து செய்தார். குடும்ப முறைக்கு ஆபத்து என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வாசலில் காப்பகம் கட்டிய நாளில் குடும்பத்துக்கு ஆபத்து வரவில்லை போலும்!

ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம் 1985-ல் வேறு வழியில் சென்றது. நகர மையத்தில் 50,000 சதுர அடியும் அதற்கு மேலும் ஆபீஸ் கட்டுகிறவர் காப்பகத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். இல்லையேல் சதுர அடிக்கு 1 டாலர் வீதம் குழந்தைப் பராமரிப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். தொகை சிறியது, பணத்தைக் கட்டிவிட்டுத் தப்பவும் வழியிருந்தது. ஆயினும் கேள்வி திரும்பிவிட்டது. காப்பகம் கைகட்டி அனுமதி கேட்பதற்குப் பதிலாக, கட்டிடம் எழுப்புகிறவர் பதில் சொல்லும்படியாயிற்று. இதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கலிபோர்னியாவில் 2019-ல் வந்த சட்டம், வீட்டிலேயே 14 குழந்தைகள் வரை பராமரிப்போரை நகரசபை அனுமதித் தொல்லையிலிருந்து விடுவித்தது. நல்லது. ஆனால் ஆபீஸ் கட்டிடத்துக் காப்பகம் அதில் அடங்கவில்லை.

நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டமே பெண் தொழிலாளருக்குக் காப்பகம் வேண்டுமென்றது. 2017-ல் மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம், ஆபீஸ்கள் உட்பட, அதைக் கடமையாக்கியது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்கள் கடமையை வைத்தது வேலை கொடுப்பவர்மீது. கட்டிடம் எழுப்புகிறவர்மீது அல்ல. பத்தாவது மாடியை வாடகைக்கு எடுத்த கம்பெனி, பிள்ளை ஓடியாட மண்ணுக்கு எங்கே போகும்?

தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் ஆபீஸ் கட்ட வரைபடம் கொண்டுவருகிறவரிடம் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டு என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். காப்பக அறை எது, அதன் விளையாட்டு நிலம் எது என்பதையும் அதே மேஜையில், அதே நாளில் கேட்டு, அதற்கும் பதில் கிடைத்த பிறகே முத்திரை குத்த வேண்டும்.