சுத்தியலா, திருகா?



மதுரைக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நீண்டது. 1911ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தம் நிறுவனத்தை இங்கேதான் தொடங்கினார். இன்றும் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு வேலை, ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றுவது. வெயிலில் காய்ந்து சக்கரத்தின் மேற்பூச்சு வெடித்திருக்கும். அல்லது அதன் அடியிலுள்ள ஹாரன், இண்டிகேட்டர் சுவிட்சுகள் பழுதாகியிருக்கும்.

"ஒரு நட்டைக் கழற்றிவிட்டு இழுத்தால் வந்துவிடாதா? இதில் என்ன விஞ்ஞானம்?" என்று நீங்கள் கேட்கலாம். வராது என்பதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. அப்படி வராதபோது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். கடையாணியைப் பிடுங்கினால் சக்கரம் சுலபமாக வெளியே வந்துவிடும். ஏனென்றால் அந்தச் சக்கரம் அச்சின்மேல் தாராளமாகச் சுழல வேண்டும். ஆகவே அதைத் தளர்வாகவே பொருத்துகிறார்கள். ஸ்டியரிங் சக்கரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது தன் தண்டின்மேல் இம்மியளவும் நழுவக் கூடாது. நழுவினால் ஓட்டுநர் திருப்புவார், வண்டி திரும்பாது! இதற்காகத் தண்டின் நுனியில் நீளவாட்டில் நுண்ணிய பற்களை வெட்டியிருப்பார்கள். சக்கரத்தின் குடத்திலும் அதே போன்ற பற்கள் உண்டு. இரண்டையும் கோத்து, மேலே நட்டைப் போட்டு இறுக்குகிறார்கள்.

இப்படி இறுகிய இடத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக ஈரமும் வியர்வையும் புகுந்தால் என்ன ஆகும்? துரு ஏறும். துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்தச் சிறு இடுக்கில் அது ஆப்பு அடித்தாற்போல் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சக்கரம் அசையாமல் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில் பலருடைய கை சுத்தியலுக்குப் போகிறது. ஒருவர் சக்கரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் தண்டின் தலையில் ஓங்கி அடிக்கிறார். சில சமயம் சக்கரம் கழன்றும் விடுகிறது. இருந்தாலும் இந்த முறை தவறு என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

1 கிலோகிராம் சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரு விநாடியில் 2,000இல் ஒரு பங்கு நேரத்தில் நிற்பதாகக் கொள்வோம். உந்தத்தில் ஏற்படும் மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 10,000 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடை!

இனி 'புல்லர்' என்னும் கருவிக்கு வருவோம். அதன் கொக்கிகள் சக்கரத்தின் குடத்தை அடியிலிருந்து பற்றிக்கொள்ளும். நடுவிலுள்ள திருகு தண்டின் தலையை அழுத்தும். திருகின் புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. என்றும், நாம் பிடிக்கும் ஸ்பேனரின் நீளம் 20 செ.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரின் நுனி ஒரு முழுச் சுற்றில் சுமார் 1,257 மி.மீ. நகரும்போது, திருகு 1.5 மி.மீ. மட்டுமே முன்னேறுகிறது. ஆகவே நம் விசை 800 மடங்குக்கும் மேல் பெருகுகிறது. 10 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையை நாம் கொடுத்து, உராய்வு அதில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிட்டாலும், 800 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை மிஞ்சும்.

சுத்தியலும் திருகும் ஏறத்தாழ ஒரே அளவு விசையைத்தானே தருகின்றன? அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்த விசை எங்கே போய்ச் சேருகிறது என்பதில்!

புல்லர் தண்டைக் கீழே தள்ளுகிறது. அதே அளவு விசையுடன் குடத்தை மேலே இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகி, புல்லர், தண்டு, குடம் என்ற சிறு வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சுத்தியல் அடி அப்படி அடங்குவதில்லை. தண்டின் வழியே இறங்கி, அடியிலுள்ள பற்சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளையும் தாக்குகிறது. தண்டின் தலை நசுங்கினால் நட்டுக்குரிய புரிகளும் கெடும். புரி கெட்ட தண்டில் நட்டு சரியாக இறுகாது. திருமங்கலம் சாலையில் வேகமாக ஓடும் வண்டியில் அந்த நட்டு தளர்ந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் உயிரே அந்த ஒரு நட்டில் தொங்குகிறது.

சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை வெறுமனே சுத்தியலால் அடித்து, அதன் புரி மழுங்கிப்போவதைச் சைக்கிள் கடையில் பார்த்திருப்பீர்கள். காட்டர் பின் கடையில் கிடைக்கும். ஆனால் அம்பாஸடர் கார் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டது. பிரிமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. இவற்றில் ஒரு தண்டைக் கெடுத்தால் மாற்றுத் தண்டு கிடைப்பது எளிதல்ல.

முறையாகச் செய்பவர் முதலில் பாட்டரி இணைப்பைப் பிரிக்கிறார். சக்கரமும் தண்டும் சேரும் நிலையைக் கோடிட்டு வைக்கிறார். தண்டில் 36 பற்கள் இருந்தால், ஒரு பல் தவறினாலும் சக்கரம் 10 பாகை கோணலாக நிற்கும் அல்லவா? இடுக்கில் மெல்லிய எண்ணெயை விட்டுக் காத்திருக்கிறார். நுண்புழைக் கவர்ச்சியால் எண்ணெய் உள்ளே ஊர்ந்து செல்கிறது. நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில புரிகளில் விட்டு வைக்கிறார். இல்லாவிட்டால் திடீரென விடுபடும் சக்கரம் முகத்தில் மோதும். அதன் பிறகே திருகை நிதானமாக இறுக்குகிறார்.

"அனுபவசாலிகள் சுத்தியலைத் தொடுவதே இல்லையா?" என்று கேட்பீர்கள். தொடுகிறார்கள். புல்லரை இறுக்கிய பின் திருகின் தலையில் இலேசாகத் தட்டுவதுண்டு. அந்த அதிர்வில் துருவின் பிடி விடும். ஓங்கி அடிப்பது வேறு, இப்படித் தட்டுவது வேறு. சுத்தியலை நான் பகைக்கவில்லை. யோசிக்காமல் அதை ஓங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது ஸ்டியரிங் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை ஊதச் செய்வது வெடிபொருள். அத்தகைய வண்டியில் பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. பழைய வண்டியானாலும் நீங்கள் தனியே முயல வேண்டாம். மெக்கானிக் அருகில் நின்று பாருங்கள்.

நம் பாடநூலில் நெம்புகோல், திருகு, ஆப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கும் மாணவர், தெருமுனைப் பட்டறையில் அதே திருகு வேலை செய்வதை நின்று பார்ப்பதில்லை. அது 'படிக்காதவர் வேலை' என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கையில் கிரீஸ் படிந்தவர் நியூட்டனின் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். விசை எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். பெயரை மனப்பாடம் செய்த நமக்கு அது தெரியுமா?

ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் தன் மாணவர்களை ஒரு பட்டறைக்கோ, கே.புதூரில் உள்ளது போன்ற அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். நல்ல மெக்கானிக் ஒருவரை வகுப்புக்கு வரவழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையுடன் அமரவைத்துக் கேட்க வேண்டும். "தேர்வுக்கே நேரம் போதவில்லை" என்பார்கள். ஒரு புல்லரைக் கண்ணால் பார்த்த மாணவருக்குத் திருகுப் பாடத்தை மனப்பாடம் செய்யும் நேரம் மிச்சமாகும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு பொருள் கழல மறுத்தால், அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். "இதைப் பிடித்திருப்பது எது? நான் கொடுக்கும் விசை எங்கே போகும்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு கருவியை எடுங்கள்.