பச்சைக் குழந்தைக்கும் படுக்கைப்புண் வரும்!

படுக்கைப்புண் என்றதும், பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவின் முதுகுதான் பலருக்கும் நினைவு வரும். பிறந்து பத்து நாள் ஆன பச்சைக் குழந்தைக்கும் அது வரும் என்றால் நம்பமாட்டார்கள்.

ஆனால் வருகிறது! நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளுக்கு வருகிறது.

காரணம் என்ன?

ஓர் இடம் நெடுநேரம் அழுந்திக்கொண்டே இருந்தால், அங்கே ரத்த ஓட்டம் தடைப்படும். தோல் செத்துப்போகும். பெரியவர்களுக்கு இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் புண் வரும். குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். ஆகவே, பின்னந்தலையில் வரும்.

அதைவிடப் பெரிய காரணம், உடம்பில் மாட்டும் கருவிகள். மூச்சுவிட உதவும் மூக்குக் குழாய், விரலில் மாட்டும் கிளிப், பிளாஸ்திரி, மாவுக்கட்டு எல்லாமே அழுத்தும். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. குழாய் அழுத்தி, மூக்கின் நடுச்சுவர் சிதைந்தால், மூக்கின் வடிவமே மாறிவிடலாம்.

உயிரைக் காப்பாற்றும் குழாயைக் குறை சொல்லக்கூடாது. அதன் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பதுதான் குற்றம். நாளைக்கு இரண்டு தடவையாவது பார்க்கவேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த விதி.

கண்டுபிடிப்பது எப்படி?

சிவந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்த வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் நல்லது. வெளுக்கவே இல்லை என்றால், காயம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நம் குழந்தைகள் பலர் கறுப்பு, மாநிறம். அவர்களுக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பாட்டிமார் உடனே தேங்காய் எண்ணெயை எடுப்பார்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது! காயம் அதிகமாகும். குழாயையும் தாயே கழற்றக்கூடாது. நர்சைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் கை கால் உதைத்து விளையாடும் குழந்தைக்கு இந்தப் பயம் வேண்டாம். அதை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவைப்பதே நல்லது.

பல ஆஸ்பத்திரிகளில் தாயை வார்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். நோய்க்கிருமி பரவும் என்ற பயம் நியாயமானதே. கையைக் கழுவச் சொல்லி உள்ளே விட்டால் என்ன? ஒரு நர்ஸ் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தாய்க்கு ஒரே குழந்தை. "சிஸ்டர், இந்தக் குழாய்க்கு அடியில் இன்று பார்த்தீர்களா?" என்று அவள் கேட்டால், அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணி யாரும் சீறி விழக்கூடாது.