கழிவு எண்ணெய் எங்கே போகிறது?

வாகனமொன்றைச் சேர்விஸுக்கு விடுகின்ற எவரும் புதிய எண்ணெயின் விலையை விசாரிக்கத் தவறுவதில்லை. அதன் தரத்தையும் வர்த்தகப் பெயரையும் கூட விசாரிக்கிறார்கள். ஆனால், எஞ்சினிலிருந்து கறுத்துத் தடித்து வடிகின்ற பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று வினவுகின்றவர் நூற்றுக்கு ஒருவராவது இருப்பாரா என்பது ஐயமே. கராஜின் பின்புறத்தில் மூடியில்லாத பீப்பாய் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள மண் கறுத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் பீப்பாய் நிரம்பி வழிகிறது. எமது ஊர்களில் அன்றாடம் காணக்கூடிய இந்தக் காட்சிக்கு எமது கண்கள் பழகிவிட்டன. பழகிப்போன ஆபத்தே பெரும் ஆபத்தாகும்.

இவ்விடயத்தில் ஏனைய மாவட்டத்தவரைவிட யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு அதிக அக்கறை இருக்க வேண்டும். கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதைத் தமது வாளிகளிலேயே கண்டவர்கள் அவர்கள். சுன்னாகத்தையும் அதனை அண்டிய கிராமங்களையும் சேர்ந்த பலர் 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்கத்தக்கதாகக் குடிநீருக்காகத் தாங்கிகளின் முன் வரிசையில் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது தொடர்பான அடிப்படை உரிமை மனுவின் மீது உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அளித்த அழுத்தமான அங்கீகாரங்களில் அதுவும் ஒன்றாகும்.

ஆயினும், அத்தீர்ப்பிலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன? பெரிய நிறுவனமொன்று பெருந்தொகையில் எண்ணெயைக் கையாளும்போது அதை எதிர்த்துக் குரல் எழுப்பக் கற்றுக்கொண்டோம். அது தேவையானதே. ஆனால், நூற்றுக்கணக்கான சிறிய இடங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்குகின்ற எண்ணெய்க்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. அதற்கு எதிராக ஊர்வலம் போக முடியாது. வழக்குத் தொடுப்பதும் எளிதன்று. அதனாலேயே அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

பயன்படுத்தப்பட்ட எஞ்சின் எண்ணெய் வெறும் அழுக்கு எண்ணெய் அன்று. எஞ்சினுள் தேய்கின்ற உலோகத் துகள்கள், எரிபொருளின் மிச்சம், எரிதலின்போது உண்டாகின்ற நச்சு ஐதரோகாபன்கள், புதிய எண்ணெயில் சேர்க்கப்பட்டிருந்த நாக முதலான சேர்மானங்கள் யாவும் அதில் கலந்துள்ளன. ஆய்வுகூட விலங்குகளின் தோலில் தொடர்ச்சியாகப் பூசப்பட்டபோது அது புற்றுநோயை உண்டாக்கியமை நெடுங்காலத்துக்கு முன்பே நிறுவப்பட்டதாகும். கையுறையின்றி முழங்கை வரை எண்ணெயில் தோய்ந்து வேலை செய்கின்ற எமது கராஜ் இளைஞர்களுக்கு இதை எவரும் எடுத்துரைப்பதில்லை. 1 லீற்றர் கழிவு எண்ணெய் 10 இலட்சம் லீற்றர் நன்னீரைப் பயன்பாட்டுக்கு ஒவ்வாததாக்கக் கூடியது என்பது சூழலியலாளர் பொதுவாக எடுத்துக்காட்டும் கணக்காகும்.

குடாநாட்டின் நிலவமைப்பு இந்த ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது. வற்றாத ஆறு எதுவும் இங்கு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. அந்த நீரைத் தாங்கி நிற்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மணற்பாங்கான நிலம் நீரை ஓரளவு வடிகட்டிக் கீழே அனுப்பும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளோ மேலே விழுந்ததை அப்படியே கீழே கொண்டு சேர்த்துவிடும். மேல்மண்ணில் காற்றோட்டம் உள்ளவரை நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. ஒட்சிசன் குறைந்த ஆழத்துக்குப் போய்விட்டால் அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு வளவில் ஊற்றியது அந்த வளவோடு நின்றுவிடும் என்று எண்ணுவது பேதைமை.

இந்நிலையில் கழிவு எண்ணெய் எமது சமூகத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். கறையான் அரிக்காதிருக்க வேலிக் கதியாலுக்கும் பனஞ்சலாகைக்கும் அது பூசப்படுகிறது. கொங்கிறீற் பலகைகளில் தடவப்படுகிறது. நுளம்பை ஒழிப்பதாகக் கருதி வாய்க்காலில் ஊற்றப்படுகிறது. சூளைகளிலும் கொதிகலன்களிலும் மலிவான எரிபொருளாகிறது. இவற்றைச் செய்கின்றவர்களைக் குற்றவாளிகளாகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டி, ஒரு சொட்டையும் வீணாக்காது வாழ்ந்த சமூகம் இது. எதையும் எறியாதே, எதற்காவது உதவும் என்பது அந்தக் காலம் கற்றுத் தந்த பாடம். ஆனால், அன்று சிக்கனமாக இருந்தது இன்று நஞ்சைப் பரப்புகின்ற வழியாக மாறியிருப்பதை நாம் உணர்ந்தாக வேண்டும். அன்று வீதியில் ஓடிய வாகனங்கள் எத்தனை? இன்று ஓடுபவை எத்தனை? நாடு முழுவதும் இதுவரை பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் தொகை 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2020 இல் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்துவிடப்பட்டிருப்பதால் இத்தொகை மேலும் பெருகவே செய்யும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரியில் வர்த்தமானியில் பிரசுரமான ஒழுங்குவிதிகள், கழிவு எண்ணெயை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுள் ஒன்றாகக் கொள்கின்றன. அத்தகைய கழிவைச் சேகரிப்பதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், மீள்சுழற்சி செய்வதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அபாயகரமான கழிவுகள் பற்றிய பாசல் சமவாயத்தில் இலங்கை 1992 இலேயே இணைந்துகொண்டது. ஆகவே, குறை சட்டப் புத்தகத்தில் இல்லை. சட்டத்துக்கும் கராஜின் பின்புறத்துப் பீப்பாய்க்கும் இடையிலுள்ள தூரத்திலேயே குறை இருக்கிறது.

அந்தத் தூரத்தைச் சிறியதொரு கணக்கால் விளக்கலாம். மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1 லீற்றர் எண்ணெய் கழற்றப்படுகிறது. சாதாரண காரிலிருந்து 4 லீற்றர் வரை. நாளொன்றுக்கு 5 மோட்டார் சைக்கிள்களுக்கு எண்ணெய் மாற்றுகின்ற சிறிய கராஜில், மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால், 125 லீற்றர் சேரும். 200 லீற்றர் பீப்பாய் நிரம்ப ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அனுமதி பெற்ற நிறுவனமொன்றின் லொறி ஒரு பீப்பாய்க்காக ஏ-9 வீதியால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வந்து போகுமா? வராது. அந்த இடைவெளியைத்தான் விலைபேசி வாங்கிச் செல்கின்ற இடைத்தரகர் நிரப்புகிறார். கராஜ் உரிமையாளரைக் கேட்டால், “ஓர் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்” என்பார். அதற்கப்பால் அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவரும் அவரிடம் சொன்னதுமில்லை.

ஆகவே, களஞ்சியப்படுத்தலும் போக்குவரத்துமே இந்தப் பிரச்சினையின் உயிர்நாடி. களஞ்சியப்படுத்தலுக்குப் பெரும் பணச் செலவு தேவையில்லை. துருப்பிடிக்காத, இறுக்கமான மூடியுள்ள கலன், அதன்மேல் கூரை, கீழே வெடிப்பில்லாத சீமெந்துத் தளம், தளத்தைச் சுற்றித் தாழ்வான அணைச்சுவர் ஆகியன போதும். ஆகப்பெரிய கலன் முழுவதும் உடைந்து ஊற்றுண்டாலும் அதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கக் கூடியதாக அந்த அணைச்சுவர் அமைய வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நியமமாகும். கலனில் என்ன இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். சிந்தினால் உறிஞ்சி எடுக்க மணலோ மரத்தூளோ பக்கத்தில் இருக்க வேண்டும். தோய்ந்த மரத்தூளைக் குப்பையோடு எறியலாகாது. கழற்றிய எண்ணெய் வடிகட்டியையும் நன்றாக வடியவிட்ட பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது கலப்படம் செய்யாதிருத்தல். எஞ்சின் எண்ணெயோடு பெற்றோல், பிறேக் எண்ணெய், ரேடியேற்றர் நீர், பெயின்ற் கரைப்பான் என்பவற்றை ஒரே பீப்பாயில் ஊற்றுவது எமது வழக்கம். குளோரீன் கலந்த கரைப்பான் சிறிதளவு சேர்ந்தாலே முழுப் பீப்பாயும் மீள்சுழற்சிக்குத் தகாததாகிவிடலாம். மின்மாற்றி எண்ணெயை ஒருபோதும் கலக்கலாகாது. பழைய மின்மாற்றிகள் சிலவற்றில் பிசிபி எனப்படும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அதை முற்றாக ஒழிப்பதாக ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் கீழ் இலங்கையும் உறுதியளித்துள்ளது.

ஏற்றிச் செல்வதிலும் இதே ஒழுங்கு வேண்டும். இன்று பழைய பிளாஸ்ரிக் கலன்களில் நிரப்பிய எண்ணெய் மரக்கறி மூடைகளுக்கும் அரிசிக்கும் பக்கத்தில் வைத்து ஏற்றப்படுவதுண்டு. இது தடுக்கப்பட வேண்டும். கசியாத கலன், சாயாதவாறு கட்டிய ஏற்றம், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று அறிந்த சாரதி, கையளித்தவர், ஏற்றியவர், பெற்றவர் ஆகிய மூவரும் ஒப்பமிடுகின்ற பற்றுச்சீட்டு ஆகியன இருந்தால், எந்தக் கராஜிலிருந்து புறப்பட்ட எண்ணெய் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எவரும் கண்டறியலாம். புறப்பட்ட அளவும் சென்றடைந்த அளவும் ஒத்துப்போகாவிடின் இடையில் தவறு நடந்திருக்கிறது என்பது வெளிப்படை. பற்றுச்சீட்டு ஒரு காகிதம்தான். ஆனால், பொறுப்புக்கூறல் அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறது.

ஒழுங்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய்க்குப் போக்கிடங்கள் உண்டு. சீமெந்துச் சூளையின் வெப்பநிலை 1,400 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. சாதாரண அடுப்பில் புகையாக வெளியேறும் நச்சுப் பொருட்கள் அந்த வெப்பத்தில் சிதைகின்றன. உலோகங்களில் பெரும்பகுதி சீமெந்துக் கட்டியிலேயே பிணைந்துவிடுகிறது. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையில் இத்தகைய கழிவுகளை எரிபொருளாகப் பயன்படுத்தும் அனுபவம் இந்நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. இதனிலும் மேலான வழி, மீண்டும் மசகு எண்ணெயாகச் சுத்திகரிப்பதாகும். எண்ணெய் தேய்ந்து அழிவதில்லை. அது அழுக்கடைகிறது, அவ்வளவே. நவீன முறையில் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் அதில் ஏறத்தாழ 60 சதவீதத்தை மசகு எண்ணெயாக மீட்கலாம். எரிபொருளுக்கும் மசகு எண்ணெய்க்கும் அந்நியச் செலாவணி இன்றி 2022 இல் தவித்த நாடு இதைச் சிறிய விடயமாகக் கருத முடியாது. அதேவேளை, துணியால் வடித்துப் புதிய போத்தலில் அடைத்து விற்பது மீள்சுழற்சி அன்று. அது பச்சை மோசடி. வாகனத்தின் எஞ்சினையும் அது கெடுத்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பாற்சேகரிப்பு நிலையங்களுக்கு எமது கிராமங்களில் வழக்கம் உண்டு. ஒரு மாட்டுக்காரரின் 2 லீற்றர் பாலுக்காகப் பௌசர் வருவதில்லை. பலரது பால் ஓரிடத்தில் சேரும்போது வருகிறது. அதே முறையில் பிரதேச சபை தோறும் கழிவு எண்ணெய் சேகரிப்பு நிலையம் ஒன்றாவது அமைக்கப்பட வேண்டும். 40 கராஜ்களின் பீப்பாய்கள் அங்கே ஒன்றுசேர்ந்தால் அனுமதி பெற்ற பௌசர் மாதம் ஒரு தடவை வருவது இலாபகரமாகும். மீன்பிடித் துறைமுகங்களிலும் இறங்குதுறைகளிலும் இத்தகைய தாங்கிகள் வைக்கப்படுவது அவசியம். கடல் மாசுறலைத் தடுக்க 2008 இல் தனிச் சட்டம் இயற்றியுள்ள நாட்டில், படகின் பழைய எண்ணெயை ஒப்படைக்கக் கரையில் ஓர் இடமில்லாவிட்டால் கடற்றொழிலாளர் அதனைக் கடலில் ஊற்றுவதைக் குறைகூறுவதில் அர்த்தமில்லை.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் விடை உண்டு. மசகு எண்ணெயை இறக்குமதி செய்து விற்று இலாபமீட்டும் நிறுவனங்கள் அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 1975 இலேயே கழிவு எண்ணெய்க்கெனப் பொது நெறியை வகுத்துக்கொண்டன. அயல்நாடான இந்தியா 2023 இல் விதிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் இதற்குப் பொறுப்பாக்கியுள்ளது. மசகு எண்ணெய் வர்த்தகம் இங்கும் அனுமதிப்பத்திர முறையின் கீழேயே நடைபெறுகிறது. விற்பனை செய்யும் அளவில் குறித்ததொரு பங்கை மீளச் சேகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த அனுமதிப்பத்திரத்தில் சேர்ப்பதற்கு அரசாங்கம் தயங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

சிறிய கராஜ்காரரின் மீது தண்டப்பணத்தை மட்டும் சுமத்தினால் எண்ணெய் பீப்பாயை விட்டு இரவில் பற்றைக்குள் போகும். முதலில் ஒப்படைப்பதற்கு இடம் வேண்டும். பின்னர் ஒப்படைப்பவருக்கு நியாயமான விலை வேண்டும். அதன் பின்னரும் மண்ணில் ஊற்றுபவருக்கே தண்டனை வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் பயன் விளையாது.

2 கோடி ரூபா நட்டஈட்டால் கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்ய உதவலாம். ஆனால், எண்ணெய் ஊறிய சுண்ணாம்புக்கல்லைக் கழுவித்தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அடுத்த முறை வாகனத்துக்கு எண்ணெய் மாற்றும்போது பழையது எங்கே போகிறது என்று வாசகர்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லக் கூடிய நிலையைக் கராஜ்காரருக்கு உருவாக்கிக் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்களினதும் அரசாங்கத்தினதும் கடமையாகும்.