தண்ணீர் ஊற்றுவது பழுதுபார்ப்பது ஆகாது

இலக்கணமும் தேர்வுத்தாளும் பேசப்படும் இப்பக்கத்தில் இன்று ஒரு பழைய மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன், காரணம் இருக்கிறது.

என் மகிழுந்து 2003-ஆம் ஆண்டு வாங்கியது. தவணைப் பணம் கட்டி முடித்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் அதன்மீது எனக்குத் தனிப் பற்று. 2024 ஜூன் மாதத்தில், ரேடியேட்டரின் அருகிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் கூலன்ட் மட்டம் இறங்கத் தொடங்கியது. நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் அரைப் போத்தல் குழாய்நீரை ஊற்றுவேன், மூடுவேன், புறப்படுவேன். மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன. இதைப் பராமரிப்பு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான்காம் வாரத்தில், கதை சொல்லும் போட்டிக்காக மாணவர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியே பெந்தோங்கிற்குச் சென்றேன். கெந்திங் செம்பா ஏற்றத்தில் வெப்பமானியின் முள் விறுவிறுவென மேலேறியது. ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொன்னேன். ஒருவன் மட்டும் உதவுவதாகத் தண்ணீர்ப் போத்தலோடு என் அருகில் வந்துவிட்டான். நானோ துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியின்மேல் கையை வைத்தேன். பின்னால் நிறுத்திய மலாய்க்கார லாரி ஓட்டுநர், "ஜாங்ஙான் பூக்கா, சிக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

அவர் ஏன் திறக்காதே என்று கத்தினார்? ரேடியேட்டர் ஓர் அடைபட்ட அமைப்பு. அதன் மூடி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்காது. 120 பாகையை நெருங்கும்போதுதான் கொதிக்கும். மூடியைத் திருகினால் அழுத்தம் நொடியில் விலகி, உள்ளிருப்பது கொதித்துப் பீறிடும். என் முகமும் அச்சிறுவனின் முகமும் அதற்கு நேர் எதிரே இருந்தன.

வேறோர் ஆசிரியர் வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றார். அன்று மாலை அச்சிறுவனின் தாயார் தொலைபேசியில் கேட்டார்: "சார், காடியில முன்னமே பழுது இருந்துச்சா?" இருந்தது என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

முதலில் சென்ற பட்டறையில் பார்த்தவுடனே, "ரேடியேட்டர் பழசு, மாத்திடுவோம்" என்றார்கள். மாற்றினோம், 380 ரிங்கிட். பத்தாம் நாள் மட்டம் மீண்டும் இறங்கியிருந்தது. ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று எப்படித் தெரியும் என நான் அவர்களைக் கேட்கவே இல்லை. எனவே பட்டறையை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது பட்டறையில் இருந்த இளைஞர் கருவி எதையும் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறது? காலையில் வெள்ளைப் புகை வருகிறதா? எண்ணெய் மூடியின் அடியில் பால்போல் ஏதேனும் படிந்திருக்கிறதா? பிறகு, ஹெட் கேஸ்கட்டில் பழுதா என்று அறிய, ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து நீல நிற மருந்து நீரினூடே காற்றை இழுத்தார். எரிந்த புகை கலந்திருந்தால் அது மஞ்சளாகும், நீலமாகவே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

அடுத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பின், மூடி இருந்த இடத்தில் அழுத்தமானியோடு கூடிய சிறிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. எங்கோ ஒழுகுகிறது என்பது உறுதி. ரப்பர் குழாய்களின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தன. நீர்ப்பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் கறை உண்டா என்று பார்த்தார், இல்லை. பின் கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் எஞ்சினுக்குப் பின்னால் நுழைத்து வெகுநேரம் தேடினார். புகைபோக்கிக் குழாய்க்குப் பின்னே, எஞ்சின் உடலில் பதிந்திருக்கும் வட்டத் தகட்டு அடைப்பான் ஒன்றில் ஊசித்துளை. சூடான குழாய்மீது வடிந்த நீர் அங்கேயே ஆவியாகிவிட்டதால்தான் தரை காய்ந்து கிடந்திருக்கிறது.

அந்தத் தகட்டை அரித்தது துரு. "நம் நாட்டில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று வாதாடிய கூட்டத்தில் நானும் ஒருவன். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. உலோகம் அரிக்காமல் தடுக்கும் பொருளும் அதில்தான் உள்ளது. ஆண்டுக்கணக்கில் குழாய்நீரை ஊற்றித் துருவை வளர்த்தவன் நானே.

அடைப்பான் விலை சில ரிங்கிட்தான். அதை எட்டுவதற்குப் புகைபோக்கிக் குழாயைக் கழற்ற வேண்டியிருந்ததால் கூலி அரை நாள். பித்தளை அடைப்பானை அடித்துப் பொருத்தி, துருநீரைக் கழுவி வெளியேற்றி, கூலன்டும் வடிநீரும் சரிபாதி கலந்து நிரப்பி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றினால் மலிவாக முடியுமே என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அது ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும் என்று மறுத்துவிட்டார்.

பெற்றோர்களுக்கு இடையில் ஒரு சொல். கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், இனிப்பான நஞ்சு. மிச்சத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

வகுப்பறையிலும் இதே பிழையைச் செய்கிறோம். கணிதத்தில் புள்ளி இறங்கிய மாணவி ஒருத்தியை மூன்று டியூஷனுக்கு மாற்றிப் பார்த்தார்கள். நானும் பயிற்சித்தாளை அடுக்கினேன். கடைசியில் ஒருநாள் கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோதுதான், கேள்வியின் வாக்கியமே அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. கூட்டலும் பெருக்கலும் அவளுக்கு நன்றாக வரும்.

நம் நாட்டில் சொந்த மகிழுந்துக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்தால் போதும். ஆகவே, பழைய வண்டியில் பிறர் பிள்ளைகளை ஏற்றும் ஆசிரியர் தாமாகவே அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் மட்டம் குறைந்தால், காரணம் தெரியும்வரை மாணவர்களை ஏற்றக்கூடாது என்பது என் கருத்து. முள் நடுவில்தானே நிற்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது; நீர் மிகவும் குறைந்து உணரி காற்றில் நின்றால் முள் பொய் சொல்லும். போட்டிகளுக்கு வாடகை வேன் அமர்த்தலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். செலவு இடிக்கிறது என்கிறார்கள், பார்ப்போம்.

பழுது நீங்கியதை மூன்று வீட்டாரிடமும் நேரில் சென்று சொன்னேன். இருவர் சிரித்துத் தேநீர் கொடுத்தார்கள். அச்சிறுவனின் தாயார் மட்டும் தம் மகனை இனி என் வண்டியில் அனுப்புவதில்லை என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை.