'வருங்கால கிளாசிக்' என்னும் தூண்டில்

பிரிட்டனில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை விற்போர் 'வருங்கால கிளாசிக்' என்று ஆசை காட்டுகின்றனர். இன்று மலிவாக வாங்கி வைத்தால் நாளை பொன்னாகுமாம்!

1989-இல் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைத் திறந்த காரின் 10 லட்சமாவது வண்டி 2016-இலேயே தயாராகிவிட்டது. ஊரெங்கும் கிடைப்பதற்கு அரும்பொருளின் விலை எங்கிருந்து வரும்? நன்கு காக்கப்பட்ட பழைய வண்டிகள் சில விலையேறியிருப்பது உண்மையே; ஆனால் மலிவாகக் கிடைப்பவை அவையல்ல. குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பும், துணிக்கூரையின் வடிகால் அடைபட்டுத் தேங்கும் நீரும், கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டத்தை உள்ளிருந்தே அரிக்கின்றன. மேலே பூசிய புதுச் சாயம் அதை மறைத்துவிடும். தகடு வெட்டி ஒட்டும் செலவு வண்டியின் விலையையே விழுங்கக்கூடும்.

குறையை மறைத்து விற்பது மோசடி என்பதை அறிந்த சகோதரர்களே, குறையைப் பார்க்க மறுத்து வாங்குவதற்கு என்ன பெயர்? ஓட்டி மகிழ விரும்பினால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு இது அருமையான வண்டிதான். பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பை, அவர்கள் அமரவே இடமில்லாத வண்டியில் கொட்டிவிட்டு, அதற்கு 'முதலீடு' என்று மட்டும் பெயர் சூட்டாதீர்கள். வாங்குமுன் வண்டியை உயர்த்தி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.