ஒரு மார்க், ஓர் உயிர்

பரீட்சை நெருங்கிவிட்டது. "தைராய்டு - தைராக்ஸின், கணையம் - இன்சுலின்" என்று வீட்டுக்கு வீடு நெட்டுருச் சத்தம்! உருப்போடும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை.

நாளமில்லாச் சுரப்பிகள் தங்கள் சரக்கை நேரே ரத்தத்தில் சேர்ப்பவை. கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் தரும் சரக்குதான் இன்சுலின். அது சுரக்காவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும்.

1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையன் அப்படித்தான் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். பாண்டிங்கும் பெஸ்ட்டும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த மருந்து முதல் ஊசியில் பலிக்கவில்லை. காலிப் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 12 நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கியது, பையன் பிழைத்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

'கணையம் - இன்சுலின்' என்று எழுதினால் ஒரு மார்க்தான். அந்தப் பையனை நினைத்துக்கொண்டு படியுங்கள்; பரீட்சை முடிந்த பிறகும் மறக்காது.