திரும்பி வரும் பார்சலுக்கு யார் பொறுப்பு?

பி.காம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு பிரிவு உண்டு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39. வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய சரக்கைக் கூரியரிடம் ஒப்படைத்துவிட்டாலே, பொதுவாக அவரிடமே கொடுத்த மாதிரி.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை?

வீட்டிலிருந்தே இணையத்தில் சுடிதார் விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "பொருள் வந்ததும் பணம்" என்று ஆர்டர் வருகிறது. கூரியர்காரர் போய் நின்றால், "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். போக 70, வர 70 என்றால் 140 ரூபாய் அவர் கைக்காசு. ஒரு சுடிதாருக்கு லாபம் 100 ரூபாய் என்றால், இதை ஈடுகட்டவே இன்னும் இரண்டு விற்க வேண்டும்!

சரி, முன்கூட்டியே கார்டில் பணம் வாங்கினால்? "பொருள் வரவில்லை" என்று வாடிக்கையாளர் வங்கியில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் விற்றவரிடமிருந்து திரும்பப் பிடிக்கப்படலாம். பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டியவரும் அவர்தான்.

வாங்குபவரின் பயமும் நியாயமே. பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். அதற்காக நஷ்டம் முழுவதும் ஒருவர் தலையிலா? கூரியர் செலவை மட்டுமாவது முன்பணமாகக் கேட்பதில் தப்பே இல்லை. நிஜமாகவே வேண்டும் என்பவர் 70 ரூபாய்க்கு யோசிக்க மாட்டார். விற்பவரும் டெலிவரி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். தகராறு வந்தால் வங்கி கேட்பது பிரிவு 39-ஐ அல்ல, அந்த ரசீதைத்தான்.